நாசில் கழுவிய கதை

பழைய டீசல் வண்டி வைத்திருந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். மேடு ஏறினால் பின்னால் கரும்புகை. இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "நாசில் கழுவணும் சார்."

புத்தகத்தில் அதற்கு இன்ஜெக்டர் என்று பெயர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு அது 'அன்ழெக்தேர்'. புதுவை மெக்கானிக்குகளுக்கோ என்றைக்கும் நாசில்தான். அரசு அலுவலகத்தில் வண்டிகளின் லாக் புக்கும் ரிப்பேர் பில்லும் வரும் மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். 'நாசில் சர்வீஸ் 4 எண்ணம்', 'பம்ப் காலிபரேஷன்' என்ற வரிகள் அடிக்கடி வரும். பில்லைச் சரிபார்த்து மேலே அனுப்பும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: போன வருடம் கழுவியதை இந்த வருடமும் ஏன் கழுவுகிறார்கள்? ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: அழுக்கு நாசிலில் பிறப்பதில்லை, எண்ணெயோடு வந்து சேருகிறது. நாசிலின் துளை நுணுக நுணுக, எண்ணெயும் சுத்தமாக வேண்டியிருந்தது. அந்தச் சுத்தத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் நூறு வருடமாக நடக்கும் கதை.

பாரிஸில் பிறந்த ஜெர்மானியர்

ருடால்ஃப் டீசலை ஜெர்மானியர் என்று படித்திருப்போம். அவர் பிறந்தது பாரிஸில், 1858-ல். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, அந்தக் குடும்பம் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.

அவருடைய இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் பிடித்து, பலமாக அழுத்த வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். அழுத்திய காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகும். சரியாக அந்த நொடியில் எண்ணெயை உள்ளே பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும்.

சொல்ல எளிது. ஆனால் பீய்ச்சுவது தண்ணீர்க் குழாய் போல ஒழுகினால் பயனில்லை, பனிமூட்டம் போல இருக்க வேண்டும். விறகுக் கட்டையைவிடச் சிராய் சீக்கிரம் பற்றுவது போலத்தான் எண்ணெய்த் துளியும். துளி சிறிதாக இருந்தால் முழுவதும் எரியும். பெரிதாக இருந்தால் வெளிப்பக்கம் எரிந்து உள்பக்கம் கரியாக மிஞ்சும். பின்னால் வரும் கரும்புகை, எரியாமல் போன அந்தக் கரிதான்.

டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது நிலக்கரித் தூளைக்கூட எரிக்கலாம் என்று நினைத்திருந்தார். 1893-ல் ஆக்ஸ்பர்க் நகரில் முதல் இன்ஜின் தயாரானது. 1897 பிப்ரவரியில்தான் டீசல் இன்ஜின் சோதனையில் தேறியது. எண்ணெயின் சக்தியில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் அதில் பாதியைக்கூட எட்டுவது அபூர்வம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று உண்டு. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் மல்லாட்டை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் அது செய்யப்பட்டது என்று டீசலே பிறகு 1912-ல் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் மல்லாட்டையிலேயே அங்குள்ள இன்ஜின்களை ஓட்டலாமே என்பது அவர்கள் கணக்கு. 'அராஷித்' என்ற அந்தச் சரக்கு நம் புதுவைத் துறைமுகத்திலிருந்தும் மர்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சமையல் எண்ணெயில் இன்ஜின் ஓடும்தான். ஆனால் நெடுநாள் ஓட்டினால் நாசில் முனையில் கரி கட்டும். எதை ஊற்றினாலும் முதலில் அதன் குணம் தெரிவது அந்த முனையில்தான்.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறிய டீசல், காலையில் தம் அறையில் இல்லை. சில நாள் கழித்து அவர் உடல் கடலில் கிடைத்தது. தம் பெயர் தாங்கிய கார் ஒன்றை அவர் பார்க்கவில்லை.

காற்று போய் பம்ப் வந்தது

பார்க்காததற்குக் காரணமும் நாசில்தான். டீசலின் காலத்தில் எண்ணெயைத் தூவ, அழுத்திய காற்றைத் துணைக்குச் சேர்த்தார்கள். அதற்குத் தனியாக ஒரு பெரிய கம்ப்ரஸர் வேண்டும். கப்பலிலும் தொழிற்சாலையிலும் வைக்கலாம், காரில் முடியாது.

காற்றில்லாமல் எண்ணெயை மட்டுமே அழுத்தித் தூவும் சிறிய பம்புக்கான வேலையை, ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1922 கடைசியில் தொடங்கியது. 1927-ல் அது உற்பத்திக்கு வந்தது. முதலில் லாரிகள். 1936-ல் மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் கார் பெர்லினில் காட்சிக்கு வந்தது. பிரான்சில் 1959-ல் பெழோ 403 காரின் டீசல் ரகம் வெளியானது.

இந்தப் பம்பும் நாசிலும் செய்வது நகை வேலையை விட நுணுக்கமானது. நாசிலுக்குள் ஓர் ஊசி மேலும் கீழும் போய் வரும். ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் மாற்றிப் போடக்கூடாது என்பார்கள். இரண்டும் ஒன்றாகத் தேய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. அந்த இடைவெளிக்குள் ஒரு மணல் துகள் போனால் கோடு விழும். தண்ணீர் போனால் துரு. இரண்டில் எது வந்தாலும் நாசில் சொட்டும், வண்டி புகையும்.

நம் நாட்டில்

1951-ல் பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் நாசிலும் இங்கேயே வந்தன. அதன் பெயர் 2008-ல் பாஷ் என்று மாறினாலும் கடைக்காரர்கள் இன்னும் 'மைக்கோ நாசில்' என்றே கேட்கிறார்கள். 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ் லாரிகள் வரத் தொடங்கின. லாரி, பஸ், டிராக்டர், கிணற்று மோட்டார் என்று டீசல் ஊரெல்லாம் பரவியது.

கார்களுக்கு டீசல் தாமதமாகத்தான் வந்தது. 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை தாவியது. விவசாயத்துக்கும் லாரிக்கும் வேண்டும் என்று டீசலை அரசாங்கம் மலிவாகவே வைத்திருந்தது. 1980-ஐ ஒட்டி அம்பாசடர் டீசல் வந்தது. பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்த டாக்ஸிக்காரர்கள் பழைய இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடோர் வேன் இன்ஜினை ஏற்றிக்கொண்டார்கள். இப்படித்தான் தெருவுக்குத் தெரு டீசல் காரும், பேட்டைக்குப் பேட்டை டீசல் பம்ப் கடையும் வந்தன.

கழுவும் முறை

அந்தக் கடைகளில் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைப்பது நல்லது. செய்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.

முதலில் எந்த நாசில் கெட்டது என்று பார்ப்பார்கள். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு பைப்பின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல நாசிலின் பைப்பைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் குற்றவாளி அதுதான்.

கழற்றிய பிறகு பிரித்து, சுத்தமான டீசலில் ஊறப் போடுவார்கள். கரியைச் சுரண்டப் பித்தளைக் கம்பி பிரஷ்தான். இரும்பால் தொடக்கூடாது, முனை கெட்டுவிடும். பல துளை உள்ள நாசில் என்றால், துளையை விட மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுப்பார்கள். துணியால் துடைக்க மாட்டார்கள், ஒரு நூலிழை போதும் அடைக்க.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊசியையும் கூட்டையும் டீசலில் நனைத்து, நேராக நிறுத்தி, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுவார்கள். அது தன் எடையாலேயே மெதுவாகச் சறுக்கி உள்ளே போக வேண்டும். நின்றால் அழுக்கு இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

கடைசியில் டெஸ்டர். கைப்பிடியை அழுத்தினால் முள் ஏறும். கார் நாசில் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் போய்த்தான் திறக்கும். திறக்கும்போது 'கிர்ர்க் கிர்ர்க்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். புகை போலக் கூம்பாக விரிய வேண்டும். நின்ற பிறகு முனையில் சொட்டு நிற்கக்கூடாது. அழுத்தம் குறைந்தால் உள்ளே மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்வார்கள். திரும்பப் பூட்டும்போது புது செம்பு வாஷர் போட்டு, லைனில் ஏர் எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்வார்கள்.

பில்லில் 'நாசில் சர்வீஸ்' என்று இரண்டே சொல்லில் முடிந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

விரல்

எனக்குத் தெரிந்த பம்ப் கடைக்காரர் ஒருவருக்கு வலது ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. இளம் வயதில், தூவல் சரியாக வருகிறதா என்று விரலை நீட்டிப் பார்த்தாராம். ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. வலியும் பெரிதாக இல்லை. வேலையைத் தொடர்ந்து பார்த்தார். இரவில் கை வீங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சதையை அழிக்கும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. டீசல் இன்ஜின் கையேடுகளில் இந்த எச்சரிக்கை இருக்கும். ஆனால் நம் பையன்கள் கையேடு படித்துத் தொழில் கற்றவர்கள் இல்லையே. யாருக்காவது அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் விரலுக்கு ஆபத்து.

நீல மண்ணெண்ணெய்

இப்போது அழுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். கொஞ்சம் டாங்கித் துரு, கொஞ்சம் மழைநீர், கொஞ்சம் பீப்பாய் மண். இவையெல்லாம் தெரியாமல் வருபவை. தெரிந்தே வந்தது மண்ணெண்ணெய்.

ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருந்தது. ஏழைகளின் அடுப்புக்கும் விளக்குக்கும் என்று மலிவாகக் கொடுத்தது, லாரி டாங்கியில் போய்ச் சேர்ந்தது. அடையாளம் தெரியட்டும் என்று அரசாங்கம் அதற்கு நீலச் சாயம் கலந்தது. கலப்படக்காரர்கள் சாயத்தைப் போக்க வழி தேடினார்கள். டீசலில் இருக்கும் பசை மண்ணெண்ணெயில் குறைவு. பம்புக்கும் நாசில் ஊசிக்கும் தனியாக ஆயில் கிடையாது, டீசலேதான் அவற்றுக்கு ஆயில். பசை குறைந்தால் தேய்மானம் ஏறும். ஒருவர் பையில் சேர்ந்த லாபம், இன்னொருவரின் வண்டியில் ரிப்பேராக இறங்கியது.

இது வெறும் பணக்கணக்கோடு நிற்கவில்லை. சண்முகம் மஞ்சுநாத் என்ற பெயர் சிலருக்கு நினைவிருக்கலாம். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி, லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்பட எரிபொருள் விற்ற பெட்ரோல் பங்கின் மீது நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. பங்க் உரிமையாளரின் மகன் உள்ளிட்டவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015-ல் உறுதி செய்தது. நாசில் கழுவுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்தப் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

பெட்ரோல் கார்களின் முறை

பெட்ரோல் காரில் நெடுங்காலம் கார்புரேட்டர்தான் ராஜா. அழுக்குச் சேர்ந்தால் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினால் போதும். 1967-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி, அமெரிக்காவின் புகைச் சட்டங்களுக்காக, எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தூவும் இன்ஜெக்டரைத் தன் 1600 காரில் வைத்தது. பிரான்சில் சித்ரோயன் டி.எஸ். 21 காருக்கு 1969-ல் அது வந்தது.

1980-களில் அமெரிக்காவில் இந்த இன்ஜெக்டர்கள் அடைக்கத் தொடங்கின. தோசைக்கல்லைக் கழுவாமல் அடுப்பிலேயே விட்டால் மிச்ச எண்ணெய் காய்ந்து பிசுக்காகுமே, அது போலத்தான் இதுவும். இன்ஜினை நிறுத்தியதும் உள்ளே பெட்ரோல் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் சூடு இருக்கும். முனையில் ஒட்டிய கடைசித் துளி காய்ந்து பிசுக்காகும். சிறு தூரம் ஓட்டி அடிக்கடி நிறுத்தும் கார்களுக்கு இது அதிகம். கழற்றிக் கழுவிப் பார்த்தார்கள், மறுபடி அடைத்தது. கடைசியில் அரசாங்கம் எண்ணெய்க் கம்பெனிகள் பக்கம் திரும்பியது. 1995 முதல் அங்கே விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் அழுக்கை நீக்கும் மருந்து கலந்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. மெக்கானிக்கின் பிரஷ் செய்த வேலையைப் பெட்ரோலே செய்யும்படி ஆயிற்று.

கந்தகம்

டீசலிலும் அதேதான் நடந்தது. 1990-களின் நடுப்பகுதி வரை நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. படிப்படியாகக் குறைத்து, பாரத் ஸ்டேஜ் 4-ல் அது 50 பங்கானது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6-ல் 10 பங்கு மட்டுமே.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஸ்வீடனில் 1990-களின் தொடக்கத்திலேயே கந்தகத்தை எடுத்தார்கள். உடனே பம்புகள் தேய்ந்து நின்றன. கந்தகத்தை எடுக்கும் முறையில், டீசலின் இயற்கையான வழவழப்பும் சேர்ந்து போய்விட்டது. பிறகு வழவழப்புக்குத் தனி மருந்து கலந்துதான் சரிசெய்தார்கள். இப்போது டீசலின் தரநிர்ணயத்தில் வழவழப்புக்கும் ஓர் அளவு உண்டு.

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கலாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் உறுதியாக அறிவித்தது. நாம் பஸ் ஸ்டாண்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற புகை அது.

1997-ல் வந்த காமன் ரெயில் முறையில் அழுத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டியது. இப்போது இரண்டாயிரத்தையும் தாண்டிவிட்டது. துளை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு முறை தூவுவதையே பல தவணையாகப் பிரித்துத் தூவும். இதைப் பித்தளை பிரஷ்ஷால் கழுவ முடியாது. தனி இயந்திரமும், தூசி புகாத அறையும், கம்ப்யூட்டரும் வேண்டும். கெட்டால் பெரும்பாலும் மாற்றுவதுதான், விலையும் அதிகம்.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்னும் பழைய டீசல் காரை ஆசையோடு வைத்திருக்கும் நண்பர்களுக்கு, அந்த விரல் நுனி இல்லாத கடைக்காரர் சொல்லும் யோசனைகளை எழுதி முடிக்கிறேன். நாசிலை அடிக்கடி கழற்றாதீர்கள், அதற்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து விடுங்கள். டாங்கி வறளும்வரை ஓட்டாதீர்கள், ஏர் பிடிக்கும், அடிமண்டியும் ஏறும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் வாரம் ஒரு முறையாவது பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். அவர் கடைக்கு இப்போது கார்கள் அதிகம் வருவதில்லை. டிராக்டர்களும், கல்யாண மண்டப ஜெனரேட்டர்களும், தேங்காய்த்திட்டிலிருந்து மீன்பிடி விசைப்படகுகளின் நாசில்களும் வருகின்றன. அந்த டெஸ்டரின் கைப்பிடியை இப்போது அவர் பேரன் அழுத்துகிறான், கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு.